மலை ரயிலில் மூன்று தலைமுறை

நீலகிரி மலை ரயிலைப் பற்றி எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் தோளில் ஒரு பையோடு தனியாகவோ புதுமணத் தம்பதியாகவோ போய் வந்தவர்கள். அதனால் அவர்களுடைய எழுத்தில் குகைகளும் தேயிலைச் சரிவுகளும் தவறாமல் வருகின்றன. கழிப்பறை எங்கே இருக்கிறது, பெட்டியின் படி எவ்வளவு உயரம் என்பவை வருவதில்லை. எங்கள் வீட்டில் பயணம் என்று பேச்செடுத்தால் அவ்விரண்டும்தான் முதற்கேள்விகள். காலாண்டு விடுமுறையில் திருநெல்வேலியிலிருந்து எங்களைப் பார்க்கச் சென்னைக்கு வந்திருந்த என் பெற்றோரையும், ஏழு வயது மகளையும், மூன்றரை வயது மகனையும் அழைத்துக்கொண்டு நானும் என் கணவரும் மேட்டுப்பாளையத்திலிருந்து அந்த ரயிலில் ஏறினோம். அப்பாவுக்கு எழுபத்துநான்கு வயது, இரண்டு முழங்கால்களிலும் தேய்மானம். அம்மாவுக்கு அறுபத்தொன்பது, சர்க்கரை நோய் உண்டு. இப்படிப்பட்ட குடும்பங்களுக்காகவே இந்த மதிப்புரை.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிறு பிள்ளைகளும் முதியவர்களும் ஒன்றாகப் போகும் பயணத்துக்குத் தமிழ்நாட்டில் இதைவிடப் பொருத்தமான ஊர்தியை நான் அறியேன். ஆனால் எல்லோரும் போகிற மாதிரி, விடியற்காலையில் ஏறி ஒரே மூச்சில் ஐந்து மணி நேரம் உட்கார்ந்து உதகமண்டலம் வரை போனால் அந்தப் பொருத்தம் கெட்டுவிடும். இந்தப் பாதையைக் குன்னூரில் வெட்டி, துண்டு துண்டாகத்தான் அனுபவிக்க வேண்டும். ஏறுவது ஒரு நாள், குன்னூருக்கும் உதகைக்கும் இடையில் ஒரு நாள், இறங்குவது ஒரு நாள் என்று நாங்கள் மூன்றாகப் பிரித்துக்கொண்டோம். அதில் எங்களுக்கு மிகவும் பிடித்துப்போனது, யாரும் அதிகம் பேசாத அந்தக் கடைசித் துண்டு.

முன்பதிவைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. முதியவர்களின் பயணம் பாதி கெடுவது அங்கேதான். சென்னையிலிருந்து இரவு புறப்படும் நீலகிரி எக்ஸ்பிரஸ் காலை ஆறு மணிக்குச் சற்றுப் பின் மேட்டுப்பாளையம் சேர்கிறது. மலை ரயில் 7.10-க்குக் கிளம்புகிறது. இரண்டுக்கும் தனித்தனியாகச் சீட்டு எடுக்க வேண்டும். நவம்பர் 2024 முதல் முன்பதிவுக் காலம் 60 நாளாகக் குறைக்கப்பட்டிருப்பதால், விடுமுறை நாட்களுக்கு அந்த அறுபதாம் நாள் காலையிலேயே கணினியின் முன் உட்கார்ந்துவிடுவது நல்லது. இரவு ரயிலில் கீழ்ப்படுக்கை வேண்டும் என்பதற்காக ஆறு பேருக்கும் சேர்த்து ஒரே சீட்டு எடுத்துவிடாதீர்கள். அறுபது வயது கடந்த ஆண்களுக்கும் நாற்பத்தைந்து கடந்த பெண்களுக்கும் உரிய கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு, அவர்கள் தனியாகவோ, தகுதியுள்ள இருவராகவோ ஒரு சீட்டில் பயணம் செய்யும்போதுதான் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படுகிறது. பிள்ளைகளையும் நம்மையும் சேர்த்து எழுதிய மறுகணமே அந்தச் சலுகை போய்விடும். அப்பா அம்மாவுக்குத் தனிச்சீட்டு எடுத்தோம்; இருவருக்கும் கீழ்ப்படுக்கையே வந்தது. மூத்த குடிமக்களுக்கான கட்டணச் சலுகை மார்ச் 2020-இல் நிறுத்தப்பட்டதை அப்பா இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை என்பது வேறு விஷயம்.

மலை ரயிலில் ஐந்து வயது நிறையாத பிள்ளைக்குச் சீட்டு வேண்டியதில்லை. அதேபோல் இருக்கையும் இல்லை. இதில் காசை மிச்சம் பிடிக்க நினைக்க வேண்டாம் என்பது என் கருத்து. மூன்றரை வயதுப் பையன் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஒருவர் மடியிலேயே இருப்பான் என்று நம்புவது பெற்றோரின் கற்பனை. அந்தக் கற்பனைக்கு விலை கொடுக்கப்போவது பெரும்பாலும் தாத்தாவின் முழங்கால். நாங்கள் அவனுக்கும் முழுக் கட்டணம் கொடுத்து இருக்கை வாங்கினோம். முதல் வகுப்பா இரண்டாம் வகுப்பா என்று கேட்டால், முதியவர்கள் உடன் இருக்கும்போது முதல் வகுப்புதான். ஏறும்போது இஞ்சின் ரயிலின் பின்னால் நின்று தள்ளுகிறது. முதல் வகுப்புப் பெட்டி முன்கோடியில், இஞ்சினுக்கு எட்டத்தில் இருக்கிறது; ஆகவே புகையும் குறைவு, ஊதல் ஒலியும் காதைப் பிளப்பதில்லை. சிறு பிள்ளைகளுக்கு அந்த ஊதல் வேடிக்கையாக இருக்கும் என்று நினைத்தோம். கிட்டத்தில் நின்று முதன்முறை கேட்டபோது என் மகன் வீரிட்டு அழுதான். எட்ட உட்கார்ந்த பிறகுதான் அவனுக்கு அது விளையாட்டானது. முன்பதிவு இல்லாத சீட்டுகளும் காலையில் கொஞ்சம் கொடுக்கப்படுகின்றன. ஆனால் அதற்காக இருட்டோடு வரிசையில் நிற்பது இளைஞர்களுக்கு உரிய காரியம்.

மேட்டுப்பாளையத்தில் இரண்டு ரயில்களுக்கும் இடையே கிடைக்கிற நேரம் ஒரு மணிக்கும் குறைவு. அதற்குள் ஆறு பேர் பல் துலக்கி, கழிப்பறை போய், காபி குடித்து, சர்க்கரை நோயாளி ஒருவர் மாத்திரை போட்டு வயிறாரச் சாப்பிட வேண்டும். வெளியே போய்ச் சிற்றுண்டி சாப்பிட்டுத் திரும்பலாம் என்று திட்டமிடுபவர்கள் கடைசியில் கையில் பொட்டலத்தோடு ஓடி வருவதைக் கண்ணால் பார்த்தேன். அம்மா அந்த வகையில் முன்யோசனைக்காரி. முந்தின நாள் மாலையே இட்லி அவித்து, நல்லெண்ணெயில் குழைத்த மிளகாய்ப்பொடி தடவி, வாழையிலையில் கட்டி எடுத்து வந்திருந்தார். நடைமேடை இருக்கையில் உட்கார்ந்து பத்து நிமிடத்தில் ஆறு பேரும் பசியாறினோம். இலையில் கட்டியதற்கு இன்னொரு பயனும் உண்டு. நீலகிரி மாவட்டத்தில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்களுக்கும் தண்ணீர்ப் புட்டிகளுக்கும் தடை இருக்கிறது. எவர்சில்வர் புட்டிகளில் வீட்டுத் தண்ணீரை நிரப்பிக்கொண்டு வருவதுதான் சரி.

இனி, நான் தொடக்கத்தில் சொன்ன இரண்டு கேள்விகளுக்கு வருகிறேன். மலை ரயிலின் பெட்டிகளில் கழிப்பறை இல்லை. நிலையங்களில்தான் உண்டு, ரயில் தண்ணீர் பிடிக்கவும் மற்ற வேலைகளுக்கும் நின்று நின்று போவதால், அடுத்த நிலையம் வரை தாக்குப்பிடிப்பது பெரியவர்களுக்குப் பெரும் சிக்கல் இல்லை. அண்மையில்தான் இடுப்புத்துணியை விட்ட பையனுக்கும், சர்க்கரை நோயால் அடிக்கடி எழுந்து போக வேண்டிய பாட்டிக்கும் அது சிக்கல்தான். மேட்டுப்பாளையத்தில் புறப்படுவதற்குச் சற்று முன் இருவரையும் ஒருமுறை, வழியில் வரும் ஹில்குரோவ் நிலையத்தில் ரயில் நின்றவுடன் ஒருமுறை என்று வேண்டுமோ வேண்டாமோ அழைத்துப் போவதைச் சட்டமாகவே வைத்துக்கொண்டோம். ரயில் நின்றதும் முதலில் இயற்கைக் காட்சியைப் படமெடுக்கப் போகிறவர்கள் பிறகு கழிப்பறை வரிசையில் கடைசியில் நிற்க நேரிடும்.

படி, அடுத்த கேள்வி. நடைமேடை தாழ்வாகவும் பெட்டியின் படி குறுகலாகவும் இருப்பதால் முழங்கால் வலி உள்ளவர்களுக்குக் கை கொடுக்க ஒருவர் கீழேயும் ஒருவர் மேலேயும் வேண்டும். உள்ளே எதிரெதிராக அமைந்த நீள இருக்கைகளுக்கு இடையே கால் நீட்ட இடமில்லை. எதிரில் இருப்பவரின் முழங்காலோடு நம் முழங்கால் உரசும். எதிரில் இருப்பவர் பேரப்பிள்ளையாக இருந்தால் அது குறையாகத் தெரியாது. பெட்டிக்குள் ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்குப் போக வழியில்லை என்பதை வைத்து இன்னொரு முடிவும் செய்ய வேண்டியிருக்கிறது. குடும்பம் இரண்டு அறைகளாகப் பிரிந்துவிட்டால் அடுத்த நிலையம் வரை பிரிந்தே இருக்க வேண்டும். ஆகவே மருந்துப் பை, தண்ணீர், மாற்றுத்துணி ஆகிய மூன்றும் பிள்ளைகளும் முதியவர்களும் இருக்கும் அறையிலேயே இருக்கட்டும். சக்கர நாற்காலியை நம்பி இருப்பவர்களுக்கு இந்த ரயிலை என்னால் பரிந்துரைக்க இயலவில்லை.

இவ்வளவு குறை சொன்ன பிறகும் இந்த ரயிலைப் பொருத்தமான ஊர்தி என்று நான் சொல்வதற்குக் காரணம் அதன் மெதுவான ஓட்டம். நாற்பத்தாறு கிலோமீட்டர் தொலைவைக் கடக்க அது எடுத்துக்கொள்வது ஏறக்குறைய ஐந்து மணி நேரம்; அதாவது சராசரியாக மணிக்குப் பத்துக் கிலோமீட்டருக்கும் குறைவு. கடல் மட்டத்திலிருந்து சுமார் 330 மீட்டர் உயரத்தில் உள்ள மேட்டுப்பாளையத்திலிருந்து 2,200 மீட்டர் உயரத்துக்கு அது நம்மை ஏற்றுகிறது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் இதே மலைக்குக் காரில் போனபோது கொண்டை ஊசி வளைவுகளில் மகள் மூன்று முறை வாந்தி எடுத்தாள்; அம்மா குன்னூர் வந்து சேரும்வரை கண்ணைத் திறக்கவே இல்லை. ரயிலில் யாருக்கும் தலை சுற்றவில்லை. காது அடைத்துக்கொள்வதுகூட உணராத அளவுக்கு உயரம் மெல்ல மெல்லக் கூடியது. வெயிலில் தொடங்கி, ஒரு நிலையத்தில் மெல்லிய சட்டை, அடுத்ததில் கம்பளிச் சட்டை என்று பிள்ளைகளுக்கு உடை மாற்றவும் நேரம் கிடைத்தது. 1854-இல் பேச்சுத் தொடங்கி, 1891-இல் வேலை ஆரம்பித்து, 1899-இல் குன்னூர் வரையும் 1908-இல் உதகை வரையும் முடிந்த பாதை இது. 2005-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில், டார்ஜிலிங் மலை ரயிலோடு சேர்க்கப்பட்டது. அந்தப் பெருமையெல்லாம் நிலையத்துப் பலகைகளில் எழுதியிருக்கிறது. பயணத்தின்போது நினைவில் நிற்பது அந்த நிதானம்தான்.

முதல் எட்டுக் கிலோமீட்டர் சமவெளி. கல்லாறு வரை இது சாதாரண ரயில்தான். கல்லாற்றைத் தாண்டியதும் தண்டவாளங்களுக்கு நடுவில் பல் வெட்டிய இரும்புச் சட்டங்கள் தொடங்குகின்றன. அங்கிருந்து குன்னூர் வரை சுமார் இருபது கிலோமீட்டர், பன்னிரண்டரை அடி போனால் ஓரடி உயரும் ஏற்றம் வரை இருக்கிறது. வெறும் சக்கரம் மட்டும் பிடித்து ஏற முடியாத சரிவு. இந்த இடத்தில் என் அப்பாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பஞ்சாலைப் பணிமனையில் முப்பது ஆண்டுகளுக்கும் மேல் லேத் என்னும் கடைசல் இயந்திரத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். சுற்றுலா என்றாலே ஓர் இடத்தில் உட்கார்ந்து, “நீங்க போய்ட்டு வாங்க, நான் பையைப் பாத்துக்கிடுதேன்” என்று சொல்லிவிடுகிறவர். பூங்காவோ அருவியோ கடற்கரையோ அவரை இருக்கையிலிருந்து எழுப்பியதில்லை. கல்லாற்றில் இஞ்சின் தண்ணீர் பிடிக்க நின்றபோது, முழங்காலை மறந்து அவரே முதலில் இறங்கினார்.

பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு தண்டவாளத்தின் நடுவே காட்டி அவர் சொன்ன விளக்கத்தை என்னால் முடிந்தவரை இங்கே தருகிறேன். லேத்தின் படுகையில் ஒரு பல்சட்டம் இருக்கும். கைப்பிடியைச் சுற்றினால் அதன் மீது ஒரு சிறு பல்சக்கரம் உருண்டு கருவிமேடையை நகர்த்தும். இங்கே படுகைக்குப் பதில் மலை. கருவிமேடைக்குப் பதில் ரயில். ஆனால் ஒரே சட்டமாக இருந்தால் ஒரு பல்லிலிருந்து அடுத்த பல்லுக்கு மாறும் இடத்தில் பிடி தளர்ந்து குலுங்கும். அதனால் இரண்டு சட்டங்களைப் பக்கம் பக்கமாக வைத்து, ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றொன்றின் பள்ளம் வருமாறு தள்ளிப் பொருத்தியிருக்கிறார்கள். ஒரு சக்கரம் பல் மாறும்போது இன்னொன்று கெட்டியாகப் பிடித்திருக்கும். ரோமன் ஆப்ட் என்ற சுவிஸ் பொறியாளர் கண்ட முறை அது என்பதை நான் பிறகு படித்துச் சொன்னபோது, “யாரா இருந்தா என்ன, லேத்துல கை வச்சவனாத்தான் இருப்பான்” என்றார் அப்பா. இஞ்சினிலும் இரண்டு வேலைக்கு இரண்டு சோடி நீராவி உருளைகள் (சிலிண்டர்கள்) இருக்கின்றன. உயரழுத்த நீராவி முதலில் சாதாரணச் சக்கரங்களை ஓட்டிவிட்டு, அழுத்தம் குறைந்தபின் வீணாகாமல் அடுத்த சோடிக்குப் போய்ப் பல்சக்கரங்களை ஓட்டுகிறது. பழைய இஞ்சின்கள் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் செய்யப்பட்டவை. புதியவை திருச்சி பொன்மலைப் பணிமனையில் செய்யப்பட்டவை. பொன்மலை என்ற பெயரைக் கேட்டதும் அப்பாவின் முகத்தில் வந்த திருப்தியை நான் எந்தச் சுற்றுலாத் தலத்திலும் கண்டதில்லை.

ஒவ்வொரு பெட்டிக்கும் பிரேக்கைக் கவனிக்கும் ஊழியர், பிரேக்ஸ்மேன், ஒருவர் இருக்கிறார். எங்கள் பெட்டியின் முன்முகப்பில் நின்றிருந்தவர் கையில் இருந்த கொடிகளை என் மகன் இமைகொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தான். மொத்தம் பதினாறு குகைகளும் இருநூற்றைம்பது பாலங்களும் இந்தப் பாதையில் உள்ளன. குகைக்குள் நுழையும்போது ரயில் முழுவதும் கத்துவது இங்கே எழுதாத சட்டம். சிறியவர்களைவிடக் கல்லூரி மாணவர்கள்தான் உரக்கக் கத்தினார்கள். முதல் குகையில் ஆச்சியின் முந்தானைக்குள் ஒளிந்துகொண்ட பையன் நான்காவதில் தானே தலைமை தாங்கினான். இரைச்சல் தாங்காத முதியவர்களாக இருந்தால் கொஞ்சம் பஞ்சு எடுத்துப் போங்கள். அம்மா சேலைத் தலைப்பால் காதைப் பொத்திக்கொண்டு, அந்த இருட்டில் தானும் ஒருமுறை கத்திப் பார்த்ததை வெளிச்சம் வந்த பிறகு ஒப்புக்கொண்டார்.

ஹில்குரோவில் தேநீரும் வடையும் கிடைக்கும், குரங்குகளும் இருக்கும். பிள்ளைகளின் கையில் திறந்த பொட்டலம் எதையும் கொடுக்க வேண்டாம் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் ஒரு முறுக்குப் பொட்டலம் கூரைக்குப் போய்விட்டது. பையன் அழவில்லை. குரங்கு முறுக்கைக் கடிப்பதைப் பார்த்து, “அதுக்கும் பல்சக்கரம் இருக்கு” என்றான்.

பத்தரை மணிவாக்கில் குன்னூர் வந்தது, நாங்கள் இறங்கிவிட்டோம். பெட்டியில் இருந்த பலரும் எங்களைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். ஆனால் அந்த மூன்றே கால் மணி நேரத்தோடு பிள்ளைகளின் பொறுமையும் அப்பாவின் முழங்காலும் சரியாக முடிந்திருந்தன. இன்னும் ஒன்றரை மணி நேரம் அதே இருக்கையில் இருந்திருந்தால், உதகையில் நண்பகலில் பசியும் தூக்கமும் சிணுங்கலுமாக இறங்கியிருப்போம். குன்னூர் உதகையைவிடச் சில நூறு மீட்டர் தாழ்வானது, குளிர் அந்த அளவுக்குக் கடிப்பதில்லை, கூட்டமும் குறைவு. முதியவர்களோடு போகிறவர்கள் தங்குவதற்கு உதகையைவிடக் குன்னூரே மேல் என்று தயங்காமல் சொல்வேன்.

தங்குமிடத்தில் மட்டும் ஏமாந்தோம். தரைத்தள அறை வேண்டும் என்று தொலைபேசியில் இருமுறை கேட்டு உறுதி செய்துகொண்டுதான் போனோம். போய்ப் பார்த்தால் அறை தரைத்தளத்தில்தான் இருந்தது. ஆனால் கட்டடம் சரிவில் இருந்ததால் சாலையிலிருந்து தரைத்தளத்துக்கு இருபத்தாறு படிகள் இறங்க வேண்டியிருந்தது. அப்பா ஒவ்வொரு படியாக எண்ணிக்கொண்டே இறங்கியதால் எண்ணிக்கையில் தவறில்லை. விடுதிக்காரர் பொய் சொல்லவில்லை, நான்தான் சமவெளிக்காரியாகக் கேட்டிருக்கிறேன். மலை ஊரில் எந்தத் தளம் என்று கேட்கக் கூடாது. வண்டி நிற்கும் இடத்திலிருந்து கட்டில் வரை எத்தனை படி என்று கேட்க வேண்டும். இருந்தும், கைப்பிடிச் சுவர் இல்லாத அந்தப் படிகளைப் பற்றி முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்ற மனக்குறை எனக்கு இன்னும் இருக்கிறது. உள்ளூரில் சுற்ற அங்கேயே டாக்சி பிடித்துக்கொண்டோம். மே 2024 முதல் சென்னை உயர்நீதிமன்ற உத்தரவின்படி வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் வேண்டும். ரயிலில் வந்து நீலகிரிப் பதிவெண் வண்டியை அமர்த்திக்கொள்பவர்களுக்கு அந்த வேலை இல்லை. சிம்ஸ் பூங்கா சரிவில் இறங்கி ஏறும் தோட்டம் என்பதால் அப்பா வாயிலருகே இருக்கையோடு நின்றுகொண்டார், வழக்கம்போல் பைகளைப் பார்த்துக்கொண்டு.

மறுநாள் குன்னூரிலிருந்து உதகைக்குப் போன துண்டைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. குன்னூரிலிருந்து பல்சட்டம் கிடையாது. ரயிலை ஓட்டுவது டீசல் இஞ்சின். நிலையத்திலிருந்து ரயில் முதலில் சற்றுத் தூரம் பின்னோக்கிப் போய்விட்டுத்தான் மேலேறத் தொடங்குகிறது. தவறான ரயிலில் ஏறிவிட்டோமோ என்று அம்மா கலங்கினார். வெலிங்டன், அருவங்காடு, கேத்தி, லவ்டேல் என்று போகும் வழியில் கேத்திப் பள்ளத்தாக்கின் காய்கறித் தோட்டங்கள் அழகுதான். ஆயினும் புகை விடாத இஞ்சினைப் பார்த்து என் மகன் தன் ஏமாற்றத்தை ரயில் முழுவதற்கும் அறிவித்தான். இந்தத் துண்டு மட்டும் போதும், மேட்டுப்பாளையம் வரை போக வேண்டியதில்லை என்று சில பயண முகவர்கள் குடும்பங்களுக்குச் சொல்வதுண்டு. அப்படிச் செய்வது பாயசத்தில் முந்திரியை மட்டும் விட்டுவிட்டுக் குடிப்பது போன்றது. உதகையில் 1848-இல் தொடங்கப்பட்ட தாவரவியல் பூங்காவின் கீழ்ப்பகுதி ஓரளவு சமதளமாக இருப்பதால் அங்கே அப்பாவும் நடந்தார். ஏரிக்கரைக் கூட்டத்துக்குள் போகவே இல்லை. அதில் வருத்தமும் இல்லை.

மூன்றாம் நாள் பிற்பகல் இறக்கம். உதகையில் இரண்டு மணிக்குப் புறப்படும் ரயில் குன்னூருக்கு மூன்றேகால் மணியளவில் வந்து, ஐந்தரை மணிக்குச் சற்றுப் பின் மேட்டுப்பாளையம் சேர்கிறது. ஏறுவதற்கு மூன்றேகால் மணி நேரம் எடுக்கும் அதே பாதையை இறங்குவதற்கு இரண்டேகால் மணி நேரம் போதும். பிள்ளைகளும் முதியவர்களும் உள்ள குடும்பம் ஒரே ஒருமுறைதான் இந்த ரயிலில் போக முடியும் என்றால் நான் இந்த இறக்கத்தைத்தான் சொல்வேன். விடியற்காலை எழுப்புதல் இல்லை. மதியம் வீட்டுச் சாப்பாடு போல நிதானமாகச் சாப்பிட்டு, பையனை ஒரு மணி நேரம் தூங்க வைத்து, அம்மாவுக்கு மாத்திரை கொடுத்து, எல்லோரும் கழிப்பறை போய்விட்டுக் கிளம்பலாம். மாலை வெயில் சாய்வாக விழும்போது எதிர்மலையின் பாறைகள் மங்கிய செம்மை கொள்கின்றன. குளிரிலிருந்து இதத்துக்கு வருவதால் உடைகளைக் கழற்றிக்கொண்டே போகலாம். பிள்ளைகளுக்கு அது போர்த்துவதைவிடச் சுலபம்.

குறையும் இருக்கிறது. இஞ்சின் எப்போதும் இறக்கத்துப் பக்கமே இருக்கும் என்பதால் இறங்கும்போது அது முன்னால் நின்று ரயிலைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு போகிறது. முன்பக்கக் காட்சி கிடையாது, புகையும் கரியும் பெட்டிகளை நோக்கி வரும். வெள்ளைச் சட்டை வேண்டாம். அக்டோபர் நடுவில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் கல்லாற்றுக்கும் குன்னூருக்கும் இடையே மண்சரிந்து பல நாட்கள் ரயிலே ஓடாமல் போவதுண்டு. அந்த மாதங்களில் பெற்றோரை ஊரிலிருந்து வரவழைத்து இந்த ஒரு பயணத்தை மட்டும் நம்பித் திட்டமிட வேண்டாம்.

மேட்டுப்பாளையத்தில் இறங்கிய பிறகு, சென்னைக்குப் போகும் ரயில் ஒன்பது மணிக்கு மேல்தான். இந்த மூன்றரை மணி நேரக் காத்திருப்பை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. சிறு பிள்ளைகளோடு அது நீளமானது. இரவு உணவை ஏழு மணிக்கே முடித்துவிட்டு, நிலையத்துக்குள் ஒரு போர்வையை விரித்துக்கொண்டோம். பையன் ஆச்சியின் மடியில் உடனே தூங்கிப்போனான். மகள் குறிப்பேட்டை எடுத்து, ஏறும்போது பதினொன்று, இறங்கும்போது பதின்மூன்று என்று குகைக் கணக்கை எழுதிவைத்துக்கொண்டு, மொத்தம் பதினாறு என்று சொன்ன என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள். மீதி குன்னூருக்கு அந்தப் பக்கம் இருக்கும் என்றேன். கத்துகிற அவசரத்தில் எண்ண மறந்திருப்பாய் என்றார் என் கணவர். தீர்ப்புக் கேட்கத் தாத்தாவைத் தேடினோம். அவர் நடைமேடையின் கோடியில், கழற்றி நிறுத்திய இஞ்சினுக்கு அருகே நின்று, அதன் ஓட்டுநரிடம் எண்ணெய் எத்தனை நாளைக்கு ஒருமுறை மாற்றுவீர்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.